கொளத்தூர் பொருந்தவில்லை

இரவு ஒன்று பத்து. ஈக்காட்டுத்தாங்கல், நாலாவது மாடி.
ஏசி ஒழுகுகிறது. கீழே ஒரு பெயிண்ட் வாளி.

எங்கள் வேலை இதுதான்:
நகரம் அனுப்பும் குறுஞ்செய்திகளை வாசலில் மறித்து
நீ இந்தப் பக்கம், நீ அந்தப் பக்கம் என்று
கைகாட்டி விடுவது.
‘அடையாறு’ என்று தொடங்கினால் அடையாறு தண்ணி லாரிக்கு.
‘கொளத்தூர்’ என்று தொடங்கினால் கொளத்தூர் லாரிக்கு.
வங்கிக்காரர்கள், காதலர்கள் எல்லாருக்கும் தனித்தனி வழி உண்டு.
எதிலும் சேராதது விழுவதற்கு ஒரு பள்ளம்.
அங்கிருந்து ஒரே பதில்தான் வரும்:
‘மன்னிக்கவும், உங்கள் கோரிக்கை புரியவில்லை.’

பள்ளத்தில்தான் அவரைப் பார்த்தேன்.
பெயர் தெரியாது. எண்ணின் கடைசி
ஏழு ஏழு பூஜ்யம் மூன்று.

‘கொளத்தூர் மூணாவது குறுக்குத் தெரு ஒரு லோடு’
புரியவில்லை.
‘கொளத்தூர் ஒரு லோடு சார்’
புரியவில்லை.
‘கொளத்தூர். நாலு நாள் ஆச்சு. கைக்குழந்த இருக்கு’
புரியவில்லை.
ஒன்பதாவதில் மிச்சமெல்லாம் உதிர்ந்து
வெறும் ‘கொளத்தூர்’.
ஊர்ப் பெயரில் தொடங்குங்கள், போதும் என்று
விளம்பரத்தில் சொன்னது நாங்கள்தான்.

விதியை மாற்று என்றான் பெனடிக்ட்,
ஏதோ அது நம் கையில் இருப்பதுபோல.
இருந்தது.

தூக்கக் கலக்கத்தில் ஊர்ப் பெயரை அழித்துவிட்டு
ஒரு க, ஒரு புள்ளி, ஒரு நட்சத்திரம் போட்டேன்.
பள்ளிக்கூடத்துப் புள்ளி எழுத்தின் வாயை மூடும்.
இந்தப் புள்ளிக்கு யாரும் வரலாம் என்று அர்த்தம்.
நட்சத்திரத்துக்கு, எத்தனை பேரும்.
வந்தார்கள்.
‘கடவுச்சொல் 448120, யாரிடமும் பகிர வேண்டாம்’
‘கடன் தவணை மூன்று நாள் தாமதம்’
‘கண்ணே தூங்கிட்டியா’
எல்லாம் கொளத்தூர் லாரிக்கு.
ஓட்டுநர் தேசிங்கு போன் செய்தார்:
‘யாரும்மா இந்தக் கண்ணு?’

பழையபடி மாற்றினேன்.
விதியின் சொல்லையும் அவர் சொல்லையும்
ஒன்றன்கீழ் ஒன்றாக வைத்தேன்.
கொளத்தூர்
கொளத்தூர்
எனக்கு ஒரே ஊர். இயந்திரத்துக்கு வேறு வேறு.
பெனடிக்ட் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுப் பார்த்தான்.
துடைத்ததால் ஒன்றும் மாறவில்லை.

பிறகு எழுத்தெழுத்தாக அறுத்தேன்.
எங்கள் ‘கொ’வில் க-வுக்கு அப்புறம் ஒரே குறி.
அவருடையதில் இரண்டு:
ஒற்றைக்கொம்பு தனியாக, கால் தனியாக.
ஏதோ ஒரு மலிவுக் கைப்பேசி
அப்படித்தான் கட்டுகிறது போலிருக்கிறது.
அதிலென்ன தப்பு? பேனா பிடித்தால்
நானும் கொம்பை ஒருமுறை, காலை ஒருமுறை
என்றுதான் எழுதுகிறேன்.
நாலு நாள் தாகம்
கொம்புக்கும் காலுக்கும் நடுவே இருந்திருக்கிறது,
ஒரு கொசுகூட நுழைய முடியாத இடத்தில்.

திருத்தம் ஒரே வரி:
பிரிந்து வந்தால் சேர்த்துக்கொண்டு பார்.

மூன்று நாற்பதுக்குப் பள்ளத்தைத் தோண்டி
எல்லாவற்றையும் மறுபடி ஓட்டினேன்.
பொருந்தியது. பொருந்தியது. பொருந்தியது.
பெனடிக்ட் மெஷின் டீயை இரண்டு கப் பிடித்து வந்தான்.
சர்க்கரை வரவில்லை, வந்ததுபோல் குடித்தோம்.

ஐந்து மணிக்கு தேசிங்கு:
‘ஒரே வீட்டுக்கு ஒம்போது லோடா?
மொட்டமாடியில கப்பல் விடப் போறாங்களா?’

எட்டை ரத்து செய்ய உட்கார்ந்தேன்.
ஏழோடு கை நின்றுவிட்டது.
அந்த இன்னொரு லோடுக்குக் கணக்கு எழுத
எந்தக் கட்டமும் இல்லை.
பெனடிக்ட் என் திரையைப் பார்த்தான்,
நிரம்பிய வாளியைத் தூக்கிக்கொண்டு
கழிவறைப் பக்கம் போனான்.
ஊற்றும் சத்தம் நெடுநேரம் கேட்டது.

ஆறு இருபதுக்கு ஏழு ஏழு பூஜ்யம் மூன்றிலிருந்து
ஒரு செய்தி.
முதல்முறையாக ஊர்ப் பெயர் இல்லாமல்:
‘வந்துருச்சு’

அதற்கு நாங்கள் விதி எழுதியிருக்கவில்லை.
நான் விசைப்பலகைக்கு எட்டுமுன்
பள்ளம் பதில் சொல்லிவிட்டது:
‘மன்னிக்கவும், உங்கள் கோரிக்கை புரியவில்லை.’